ஏழாம் நம்பர் பஸ்ஸும் எண்ணூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஞானவாரி கல்விக் குழுமம் என்று ஒன்று சீரோடும் சிறப்போடும் இயங்கி வந்தது. ஒரே மதில் சுவருக்குள் பொறியியல் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, யோகா கல்லூரி, கேட்டரிங் கல்லூரி என்று நான்கு. மதிலுக்கு இந்தப் பக்கம் கார் செய்தார்கள், அந்தப் பக்கம் லாரி செய்தார்கள். நடுவில் பட்டதாரிகளைச் செய்தார்கள்.

மேற்படி குழுமத்துக்குச் சொந்தமாக முப்பத்தெட்டு பஸ்கள் இருந்தன. அவற்றில் ஏழாம் நம்பர் பஸ் தினமும் பூந்தமல்லியில் புறப்பட்டு, செம்பரம்பாக்கம், பென்னலூர் வழியாகக் கல்லூரிக்கு வரும். அந்தப் பஸ்ஸின் இரண்டாவது படிக்கட்டில், ஏறுகிறவருக்கு வலது கைப் பக்கமாக, தகட்டுக்கு அடியில் வெல்டிங் விட்டு ஒரு விரிசல் இருந்தது. கதை தொடங்கும்போது அதன் நீளம் ஒன்றரை அங்குலம்.

இந்த விரிசலைப் பற்றி அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் பஸ்ஸின் டிரைவர் தாவீது. கால் வைக்கும்போது வருகிற சத்தத்தை வைத்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் படியின் வலது பக்கத்தில் சாக்பீசால் ஒரு பெருக்கல் குறி போடுவார். ஏறுகிறவர்கள் ஏன் என்று கேட்காமல் இடது பக்கம் மிதித்து ஏறுவார்கள். மற்றவர் முனைவர் கோமதிநாயகம். பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பதினாலு வருஷமாக இணைப் பேராசிரியர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இப்போது பென்னலூரில் வாடகை வீடு.

கோமதிநாயகத்துக்கு வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்த விஷயம் பஸ் படிக்கட்டு ஒன்றுதான். மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், தாவீதைக் கூட்டிக்கொண்டு ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கும் ஷெட்டு ஷெட்டாகப் போனார். டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, மல்லாந்து படுத்து, நாற்பத்தோரு பஸ்களின் படிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். சுமார் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இரண்டாவது படியில் ஒரு பக்கத்து வெல்டிங் விட்டுவிடுகிறது, அந்தப் பக்கம் இரண்டு அங்குலம் கூடுதலாகப் பற்றவைத்தால் போதும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒரு ராடு, பத்து நிமிஷ வேலை. இதை எட்டுப் பக்கக் கட்டுரையாக எழுதினார். ஒரு பத்திரிகை அதை வெளியிட்டது. கட்டுரையின் முடிவில் நிறுவனருக்கும், நிறுவனரின் மனைவிக்கும், நிறுவனரின் பெயர் வைத்த ஆய்வுக்கூடத்துக்கும் நன்றி சொல்லியிருந்தார். தாவீதின் பெயருக்கு இடம் போதவில்லை.

அதன் பிறகு அவர் ஒரே ஒரு வாசகருக்காகக் காத்திருந்தார். இரண்டு வருஷம் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது, விரிசல் வளர்ந்துகொண்டிருந்தது. என்றைக்காவது ஒருவர் கால் உள்ளே போகப்போகிறது என்கிற பயம் மனுஷனை விடவில்லை. ஒருநாள் துணிந்து போக்குவரத்து அலுவலர் கண்ணப்பன் முன்னால் போய் நின்றார்.

கண்ணப்பன் அந்த ஊர்க்காரர். கல்லூரி வருவதற்கு முன்னால் அந்த இடம் அவர் குடும்பத்து வேர்க்கடலைக் கொல்லை. ஆகவே கல்லூரியைச் சொந்த வீடாகவும், சுற்றறிக்கைகளைச் சொந்தப் பிள்ளைகளாகவும் பாவித்து வந்தார். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, நிதானமாகச் சுற்றறிக்கைகள் வைத்திருந்த கோப்பைப் பிரித்தார்.

"சார், நீங்க சொல்றது கரெக்டாக்கூட இருக்கும். ஆனா இத்த சொல்றதுக்கு நீங்க யாரு?"

"மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட். பதினாலு வருஷம் சர்வீஸ்."

"அது சம்பளத்துக்கு சார். நான் கேக்கறது, நீங்க வல்லுநரா?"

சுற்றறிக்கை எண் நாற்பத்து நான்கின்படி, குழுமத்தின் சொத்து எதைப் பற்றியும் தொழில்நுட்பக் கருத்து சொல்ல அந்தந்தத் துறை வல்லுநருக்கு மட்டுமே அதிகாரம். வல்லுநர் என்பவர், அந்தத் துறையில் குறைந்தது நூறு மேற்கோள் பெற்றவர். மேற்கோள் என்றால் பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. நாம் எழுதிய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் 'இன்னார் சொன்னபடி' என்று குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். கோமதிநாயகத்தை எத்தனை பேர் அப்படிக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று கண்ணப்பன் கேட்டார். ஒருவரும் இல்லை என்று இவர் உண்மையைச் சொன்னார்.

"உலகத்துல ஒருத்தர்கூட ஒத்துக்காத விஷயத்த நம்பி நான் எப்டி சார் வெல்டிங் ராடு வாங்கறது?" என்றார் கண்ணப்பன். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. படி உடையப்போகிறதா என்பது படிக்கும் வெல்டிங்குக்கும் உள்ள விவகாரம் என்று அதுவரை நினைத்திருந்த கோமதிநாயகம், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

நல்ல வேளையாக அந்த மாதமே குழுமத்துக்கு ஆராய்ச்சி இயக்குநராகப் பிரசன்னா வந்து சேர்ந்தார். அதற்கு முன் அவர் ஒரகடத்தில் சீட் பெல்ட் கொக்கி செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர மேலாளர். தரவரிசைப் பட்டியலில் ஞானவாரி இருநூற்றுப் பதினேழாம் இடத்தில் இருப்பதைப் பார்த்த நிறுவனர், இத்தனை வருஷம் பேராசிரியர்களை நம்பியது போதும் என்று முடிவெடுத்திருந்தார். கொக்கி செய்தவருக்குக் கட்டுரை செய்வதா பெரிய காரியம்?

பிரசன்னா வந்த மறுநாளே, காலை எட்டே முக்காலுக்கு நான்கு கல்லூரிப் பேராசிரியர்களும் கொடிக்கம்பத்தடியில் வரிசையாக நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஐந்து நிமிஷம் உடற்பயிற்சி. அப்புறம் கையை நீட்டி உறுதிமொழி: "குறையில்லாத கட்டுரை செய்வேன். திரும்பி வந்தால் மறுபடி செய்வேன். என் ஜோடியை ஒருபோதும் மறவேன்." தொழிற்சாலையில் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கிற மாதிரியே சுருதி சேர்ந்து சொன்னார்கள். எல்லோருக்கும் ஷிப்டு முறையில் கட்டுரை இலக்கு. ஒருவர் முன்னுரை மட்டும் எழுதுவார், அடுத்தவர் அட்டவணை மட்டும் போடுவார், கடைசி மேசையில் முடிவுரையைப் பொருத்தி வெளியே அனுப்புவார்கள். என்ன ஆராய்ச்சி என்று கடைசி மேசைக்காரருக்குத் தெரிந்தால் வேகம் குறையும் என்று, தலைப்பை ஒரு தாள் வைத்து மூடியிருந்தார்கள்.

இதில் ஜோடி என்பது பிரசன்னாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரே துறைக்காரர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினால் ஒரு புள்ளி, வேறு துறைக்காரர் காட்டினால் ஒன்றரைப் புள்ளி என்று தரவரிசைக்காரர்கள் விதி வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் ஓவர்டைம் கணக்கைப் பார்த்துப் பழகிய கண் அந்த ஒன்றரையைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பேராசிரியருக்கும் வேறு கல்லூரியில் ஒரு ஜோடி ஒதுக்கப்பட்டது. ஜோடியை மேற்கோள் காட்டுவது கட்டாயம். ஜோடியின் துறையில் உள்ள மற்றவர்களும், சம்பந்தி வீட்டார் என்கிற முறையில், காட்டியே ஆக வேண்டும். திங்கள்கிழமை தோறும் பட்டியல் வரும். அதில் உள்ள வரியை நகலெடுத்துக் கட்டுரையின் அடியில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குப் படிக்க வேண்டியதில்லை.

கோமதிநாயகத்துக்கு வாய்த்த ஜோடி, எண் டி-நூற்றுப்பதினேழு, டாக்டர் எம். மெர்சி, பல் மருத்துவக் கல்லூரி. ஆள் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்படி உத்தரவும் இல்லை.

முதல் வாரம் அவருக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. படியை நினைத்துக்கொண்டார். நூறு மேற்கோள் வந்தால் வல்லுநர், வல்லுநரானால் கையெழுத்து, கையெழுத்து இருந்தால் வெல்டிங். நல்ல காரியத்துக்காக நாலு பொய் சொல்லலாம் என்று தேற்றிக்கொண்டு ஒட்டத் தொடங்கினார். "இணைப்புகளில் சுமை ஏறும்போது பிளவு உண்டாகும் என்பது நன்கு அறியப்பட்டதே (மெர்சி, 2021)" என்று எழுதினார். பாலம் பற்றிய கட்டுரையில் மெர்சி, பாய்லர் பற்றிய கட்டுரையில் மெர்சி, ஒரு மாணவன் எழுதிய டிரோன் கட்டுரையில் மூன்று இடத்தில் மெர்சி. இருபத்து மூன்று தடவை ஒட்டினார்.

அந்தப் பக்கமிருந்தும் சீர்வரிசை குறைவில்லாமல் வந்தது. பல் வேரில் கீறல் விழுவதைப் பற்றிய கட்டுரையில் கோமதிநாயகம் சொன்னபடி என்று போட்டார்கள். ஈறு வீக்கத்துக்கும் கோமதிநாயகம் சொன்னபடிதான். யோகா கல்லூரிக்காரர்கள், நின்றபடி செய்யும் ஆசனங்களுக்கு அவரை ஆதாரம் காட்டினார்கள். கேட்டரிங் கல்லூரியில் ஒருவர், பரோட்டா அடுக்கு பிரிவதை முதன்முதலில் விளக்கியவர் அவர்தான் என்று எழுதிவிட்டார். மேற்கோள் நூறைத் தாண்டியது, முந்நூறைத் தாண்டியது. மார்கழி பிறந்தபோது எண்ணூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது.

இதற்கிடையே அவருக்கு வலது கீழ்க்கடைவாய்ப் பல்லில் ஒரு வலி வந்திருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் அதிகம். சாலையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

எண்ணூற்றுப் பன்னிரண்டு என்று அச்சடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு, மறுபடியும் கண்ணப்பனைப் பார்க்கப் போனார். விரிசல் அப்போது மூன்றே கால் அங்குலம். கண்ணப்பன் எழுந்து நின்று வரவேற்றார், உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அப்புறம் கணிப்பொறியைத் தட்டிப் பார்த்தார்.

"சார், உங்க மேற்கோளு எண்ணூத்துப் பன்னெண்டுல ஐந்நூத்து முப்பத்தொண்ணு பல்லு. நூத்து நாப்பது யோகா. தொண்ணூத்தேழு சாப்பாட்டு ஐட்டம். நாப்பத்து மூணு நிர்வாக இயல். மெக்கானிக்கல்ல ஒண்ணே ஒண்ணுதான் கீது. அதுவும் நீங்களே உங்களுக்குப் போட்டுக்கினது."

"அதனால?"

"அதனால சிஸ்டம் உங்கள பல் வல்லுநர்னு போட்டுக்கிது. பல் டாக்டர் பஸ்ஸு படிய பத்தி எழுதிக்குடுத்தா ஆடிட்ல என்னை கேப்பாங்க சார்."

கோமதிநாயகம் தான் பல் டாக்டர் இல்லை என்று நிரூபிக்க ஆன மட்டும் முயன்றார். சான்றிதழ்களைக் காட்டினார். அவை மிகப் பழையவை என்றும், சிஸ்டம் நேற்றுவரை புதுப்பிக்கப்பட்டது என்றும் கண்ணப்பன் பணிவோடு சுட்டிக்காட்டினார். அப்படியானால் வாகனப் படிக்கட்டுக்கு இந்தக் குழுமத்தில் வல்லுநர் யார் என்று கேட்டதற்கு, கண்ணப்பன் திரையை அவர் பக்கம் திருப்பினார். மெக்கானிக்கல் துறையினர் சம்பந்தி முறைக்காக ஒட்டித் தள்ளிய அறுநூற்று நாலு மேற்கோள்களோடு, வாகன அமைப்பியலில் முதலிடத்தில் இருந்தவர் டாக்டர் எம். மெர்சி.

"அந்த மேடம் ஒரு கையெழுத்து போட்டா போதும் சார். பத்து நிமிஷத்துல வெல்டிங் வெச்சுடலாம்" என்றார் கண்ணப்பன்.

அன்றே கோமதிநாயகம் மெர்சிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஏழாம் நம்பர் பஸ்ஸின் படி ஆபத்தான நிலையில் இருக்கிறது, தாங்கள் தயைகூர்ந்து ஒரு கையெழுத்து போட வேண்டும் என்று உருக்கமாக எழுதினார். மூன்று விநாடியில் பதில் வந்தது: 'தங்கள் படைப்பு மேற்கோள் காட்டப்பட்டது. நன்றி.' ஜோடியிடமிருந்து வரும் கடிதங்களுக்கு உடனடிப் பதில் போக வேண்டும் என்று பிரசன்னா எல்லோர் கணிப்பொறியிலும் ஏற்பாடு செய்திருந்தார். கோமதிநாயகம் மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் மேற்கோள் காட்டப்பட்டார். நேரில் போகலாம் என்றால், வேலை நேரத்தில் அடுத்த கல்லூரிக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார்.

இந்த நிலையில் பல் மருத்துவக் கல்லூரி, பென்னலூரில் நடத்திய இலவச முகாமுக்குச் சிறப்பு வல்லுநராக அவரை அனுப்பி வைத்தது. மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை. போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் ஆளாக வந்த கங்கம்மாள் என்கிற அம்மாள், ஒரு தொழிற்சாலையில் பெருக்குகிற வேலை செய்கிறவர், முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டார். பஸ்ஸுக்கு அடியில் பிடித்த அதே டார்ச் லைட்டைக் கோமதிநாயகம் அவர் வாய்க்குள் பிடித்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

"இத்த சொல்றதுக்கா இம்மாம் பெரிய பந்தல் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுக் கங்கம்மாள் எழுந்து போனார். அன்றைக்குக் கோமதிநாயகம் வீட்டில் சாப்பிடவில்லை. அவமானம் பாதி, பல்வலி பாதி.

தை மாதம் மேற்கோள் திருவிழா அறிவிக்கப்பட்டது. அதிகம் மேற்கோள் காட்டிக்கொண்ட ஜோடிக்கு விருது. தேர்வானவர்கள் கோமதிநாயகமும் மெர்சியும். இருவரும் மேடையில் ஒருவர் ஆராய்ச்சியைப் பற்றி மற்றவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அழைப்பிதழில் இருந்தது. கோமதிநாயகம் பேச்சைத் தயார் செய்தார். 'மெர்சி அவர்களின் ஆராய்ச்சி ஆழமானது, அகலமானது' என்று எழுதி வைத்துக்கொண்டார். அன்றைக்காவது அந்த அம்மாளை நேரில் பிடித்து, மேடையிலேயே கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

விழா நாள் காலையில் பென்னலூர் நிறுத்தத்தில் வழக்கம்போல் ஏழாம் நம்பர் பஸ் வந்து நின்றது. கோமதிநாயகத்துக்கு முன்னால் பச்சை டிபன் பை வைத்திருக்கும் ஓர் அம்மாள் ஏறப் போனார். மூன்று வருஷமாக அதே நிறுத்தத்தில் ஏறுகிறவர். இவர் டீக்கடை ஓரமாக நிற்பார், அவர் ஏடிஎம் ஓரமாகக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். முதல் படியில் காலை வைத்தவர், இரண்டாவது படியைக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"மேடம், அந்தாண்ட காலு வெக்காதீங்க. சாக்பீசு போட்டுகிறேன் பாருங்க. இந்தாண்ட வெய்ங்க" என்றார் தாவீது.

"இல்லண்ணா. இந்தப் படியைப் பத்தி ஆராய்ச்சியே நடந்திருக்கு. நேத்துதான் முழுசாப் படிச்சேன். நாலாம் பக்கத்துல படத்தோட போட்டிருக்காங்க."

கோமதிநாயகத்துக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. படித்தேன் என்கிறாள், முழுசாக என்கிறாள், நாலாம் பக்கம் என்கிறாள். ஐந்து வருஷ உழைப்பு, நாற்பத்தோரு பஸ், முதுகில் ஒட்டிய கிரீஸ் எல்லாம் அந்த ஒரு வரியில் வசூலாகிவிட்டன. கல்யாணத்தன்றுகூட அவர் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. மேடையில் தன்னைப் பற்றிப் பேசத்தான் படித்திருக்கிறாள், இவள்தான் மெர்சி என்பது புரிந்தது. அம்மா, நான்தான் அது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"விரிசல் இடது பக்கம்தான் வருமாம். வலது பக்கம் மிதிச்சா ஒண்ணும் ஆகாதாம். எண்ணூத்துச் சொச்சம் பேர் ஒத்துக்கிட்ட விஷயம்ண்ணா" என்று சொல்லிக்கொண்டே, டாக்டர் மெர்சி சாக்பீசுக் குறியின் மேலேயே வலது காலை அழுத்தி வைத்தார்.

தகடு கழன்று கால் முழங்கால் வரை உள்ளே போனது. பின்னால் நின்ற கோமதிநாயகம் அதிர்ச்சியில் பல்லைக் கடித்தார். கடைவாயில் ஏதோ இரண்டாகப் போன சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

கல்லூரி மருத்துவ அறையில் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். மெர்சிக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. கோமதிநாயகத்துக்குக் கன்னத்தில் ஐஸ் கட்டி. அறிமுகம் நடந்தது. மெர்சி பச்சைப் பையிலிருந்து கட்டுரையை எடுத்து நாலாம் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். அங்கங்கே பென்சிலால் கோடு போட்டிருந்தார், ஓரத்தில் கேள்விகூட எழுதியிருந்தார். கோமதிநாயகம் அதைக் கோவில் பிரசாதம்போல் இரண்டு கையாலும் வாங்கிப் படத்தைப் பார்த்தார். இடது என்றுதான் போட்டிருந்தது.

கட்டிலில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, டார்ச் பிடிக்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கினார். தலை வண்டிக்கு உள்ளே, கால் வெளியே. விரிசல் இருந்தது அவருடைய இடது கைப் பக்கம். படியில் ஏறுகிறவர் மல்லாந்து படுத்துக்கொண்டா ஏறுகிறார்? அவருக்கு அது வலது. நாற்பத்தோரு பஸ்ஸிலும் அவர் படுத்த வாக்கிலேயே எழுதியிருந்தார்.

"இத இத்தனை நாளா யாருமே சொல்லலையா சார்?" என்று மெர்சி கேட்டார்.

"சொல்றதுக்கு யாராவது படிச்சிருக்கணும்லா" என்றார் கோமதிநாயகம்.

"நான் படிச்சேன்." மெர்சி தன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "என் கட்டுரையை நீங்க இருபத்து மூணு தடவை மேற்கோள் காட்டியிருக்கீங்க. படிச்சீங்களா சார்?" என்றார்.

கோமதிநாயகம் ஐஸ் கட்டியைக் கன்னத்தில் இன்னும் அழுத்திக்கொண்டார். வலியினால் பேச முடியாததுபோல் இருப்பதே அப்போதைக்கு மரியாதையாகப் பட்டது. மெர்சி நிதானமாகச் சொன்னார். தினமும் பஸ்ஸில் வெகுதூரம் போகிறவர்கள் குலுங்கும்போதெல்லாம் தெரியாமலே பல்லைக் கடிக்கிறார்கள், அதனால் கடைவாய்ப் பல் மெல்ல மெல்லப் பிளக்கிறது. பஸ்ஸில் இருக்கும்வரை நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் பல் ஒன்றோடொன்று முட்டாது. காசு இல்லை, மருந்து இல்லை. இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. நாலு வருஷமாக ஒரே ஒருவராவது படிக்க மாட்டாரா என்று காத்திருந்ததாகச் சொன்னார்.

அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அதைச் செய்ய வேண்டிய மருத்துவர், பல் வல்லுநரான அவர் முன்னால் தனக்குக் கை நடுங்குவதாகச் சொன்னார்.

விருதுக் கேடயங்களைக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்த பிரசன்னா, கையோடு விசாரணையையும் முடித்துவிட்டார். தொழிற்சாலை வழக்கப்படி, எந்தத் தவறுக்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் மூல காரணம் பிடிபட்டுவிடும். அவரே கேட்டு, அவரே எழுதிக்கொண்டார். டாக்டர் மெர்சி ஏன் விழுந்தார்? படி உடைந்ததால். படி ஏன் உடைந்தது? வெல்டிங் வைக்காததால். ஏன் வைக்கவில்லை? வல்லுநர் கையெழுத்துப் போடாததால். வல்லுநர் ஏன் போடவில்லை? அவர் கட்டிலில் இருப்பதால். ஏன் கட்டிலில் இருக்கிறார்? விழுந்ததால். ஐந்து ஏன் முடிந்துவிட்டதால் கோப்பு மூடப்பட்டது.

கோமதிநாயகம், பஞ்சு வைத்த வாயோடு, கட்டுரையில் இடமும் வலமும் மாறிப்போனதைச் சொல்லித் திருத்தம் வெளியிட அனுமதி கேட்டார். பிரசன்னா அவரைப் பரிவோடு பார்த்தார்.

"சார், அது எண்ணூத்துப் பன்னெண்டு பேர் ஓகே பண்ணின டிராயிங். டிராயிங்குக்கும் செஞ்ச பீசுக்கும் வித்தியாசம் வந்தா ஃபேக்டரியில டிராயிங்கைத் திருத்த மாட்டோம். பீசைத்தான் திருத்துவோம்."

மெர்சி கட்டிலில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டார். இடம் வலத்தைப் பற்றி ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் கண்ணப்பன் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வெல்டிங் ராடு வாங்கப்பட்டது. கட்டுரையின் நாலாம் பக்கத்தில் உள்ளபடி, இரண்டாவது படியில், நன்றாக இருந்த இடது பக்கத்தில், இரண்டு அங்குலத்துக்குப் பதில் பாதுகாப்பு கருதி நான்கு அங்குலம் பற்றவைக்கப்பட்டது. நிறுவனர் வந்து தேங்காய் உடைத்தார். தொங்கிக்கொண்டிருந்த வலது பக்கத்தைத் தாவீது, விழாவுக்குக் கட்டிய பேனரின் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பழையபடி சாக்பீசால் குறி போட்டார்.

கோமதிநாயகமும் மெர்சியும் சேர்ந்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இடம் எது, வலம் எது என்று இந்தத் தடவை ஏழு முறை சரிபார்த்தார்கள். அதற்கு இதுவரை ஆயிரத்து நானூறு மேற்கோள். ஞானவாரி தரவரிசையில் நூற்று அறுபதாம் இடத்துக்கு வந்துவிட்டது. போன வாரம் மெர்சி, பஸ்ஸில் இனிமேல் நாக்கை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று படம் வரைந்து கோமதிநாயகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று விநாடியில் அவருக்குப் பதில் போயிற்று: 'தங்கள் படைப்பு மேற்கோள் காட்டப்பட்டது. நன்றி.'

ஏழாம் நம்பர் பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. தினமும் காலையில் ஐம்பத்திரண்டு பேர், அதில் முனைவர்கள் மட்டும் பத்தொன்பது பேர், சாக்பீசுக் குறியைப் பார்த்து, அதை மிதிக்காமல் காலைத் தள்ளி வைத்து ஏறுகிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் மடிக்கணினியைத் திறந்து, கோமதிநாயகம் சொன்னபடி என்று எழுதுகிறார்கள். தாவீது பெயரில் இதுவரை மேற்கோள் ஏதும் பதிவாகவில்லை.